உள்ளூர் உரிமமும் உலகச் சண்டையும்

1994 பிப்ரவரியில் லண்டனின் 'சண்டே டைம்ஸ்' ஒரு செய்தி வெளியிட்டது. மலேசியாவில் குத்தகை பெறுவதற்காக, பிரிட்டிஷ் கட்டுமான நிறுவனம் ஒன்று இங்குள்ள அரசியல்வாதிகளுக்குப் பணம் தருவது பற்றிப் பேசியது என்பது குற்றச்சாட்டு. கோலாலம்பூர் கொதித்தது. இனி எந்த பிரிட்டிஷ் நிறுவனத்துக்கும் அரசுக் குத்தகை கிடையாது என்று அந்த மாதமே அறிவிப்பு வந்தது. அறிவித்தவர், அன்று துணைப் பிரதமராக இருந்த அன்வார் இப்ராகிம். எழுதியது ஒரு பத்திரிகை, தண்டனை ஒரு நாட்டின் தொழிலுக்கு. பத்திரிகையில் வருவதற்கெல்லாம் அரசே பொறுப்பு என்று நினைக்கும் பழக்கம், பத்திரிகைகளை அரசு கைக்குள் வைத்திருக்கும் இடத்தில்தான் வரும்.

அன்றைய பிரதமர் துன் மகாதீரைப் பற்றி நம்மிடையே இரண்டு பேச்சு உண்டு. வெளியே வெள்ளைக்காரனுக்கு அஞ்சாதவர், உள்ளே இரும்புக்கை. முதலாவதைப் பெருமையாகவும், இரண்டாவதை அதற்காக நாம் கொடுத்த விலையாகவும் சொல்வார்கள். இவை இரண்டு தனிக் குணங்கள் அல்ல. ஒன்று இல்லாமல் மற்றது அவ்வளவு காலம் ஓடியிருக்காது.

உரிமத்திலிருந்து தொடங்குவோம். 1984-ஆம் ஆண்டின் அச்சகங்கள், வெளியீடுகள் சட்டப்படி ஒவ்வொரு நாளிதழும் ஆண்டுதோறும் உள்துறை அமைச்சரிடம் உரிமத்தைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. 1986 முதல் 1999 வரை உள்துறை அமைச்சரும் பிரதமர் மகாதீரே. 1987 அக்டோபர் 27-இல் தொடங்கிய லாலான் நடவடிக்கையில் எதிர்க்கட்சியினரான கர்ப்பால் சிங், பி. பட்டு, வி. டேவிட் உட்பட நூற்றுக்கும் மேற்பட்டோர், விசாரணையின்றிக் காவலில் வைக்கும் இசா சட்டத்தில் பிடிபட்டார்கள். 'தி ஸ்டார்', 'சின் சியூ', 'வத்தான்' ஆகிய மூன்றின் உரிமமும் பறிக்கப்பட்டது. அடுத்த மார்ச்சில் 'ஸ்டார்' திரும்பி வந்தது; அதில் துங்கு அப்துல் ரஹ்மான் எழுதிவந்த பத்தி திரும்பவில்லை. சுதந்திரம் வாங்கித் தந்தவருக்கே இடமில்லை என்றானபின், சாதாரண நிருபரிடம் தனியாக வந்து எச்சரிக்க வேண்டிய தேவை என்ன? அமைச்சரின் முடிவை நீதிமன்றத்தில் கேள்வி கேட்க முடியாதபடி சட்டமும் திருத்தப்பட்டது.

உரிமம் பாதிதான். மீதி, முதலாளி யார் என்பது. 'உத்துசான் மலேசியா' பிரதமரின் கட்சியான அம்னோவின் பிடியில், 'ஸ்டார்' ம.சீ.ச.வின் கையில், 'தமிழ் நேசன்' ம.இ.கா. தலைவர் சாமிவேலுவின் குடும்பத்தில். பிரிக்பீல்ட்ஸ் கடையில் எந்த மொழி நாளிதழை எடுத்தாலும் பெரும்பாலும் ஆளும் கூட்டணியின் ஏதோ ஒரு வீட்டுக்குள்தான் நுழைய வேண்டியிருந்தது.

லாலானுக்கு இனப் பதற்றமே காரணம் என்றது அரசு. சீனப் பள்ளி நியமன விவகாரத்தில் பதற்றம் இருந்தது உண்மை. ஆனால் அதே ஆண்டு ஏப்ரலில் அம்னோ தலைவர் தேர்தலில் மகாதீர் வென்றது வெறும் 43 வாக்குகளில். அடுத்த ஆண்டு நாட்டின் தலைமை நீதிபதி சாலே அபாஸ் பதவி நீக்கப்பட்டார். இந்த வரிசையைப் பார்த்தால், பலமாக இருந்த தலைவரைவிட ஆட்டம் கண்ட தலைவரே ஓங்கி அடித்தார் என்று எனக்குத் தோன்றுகிறது.

அப்படியானால் மக்கள் ஏன் வாக்களித்தார்கள்? வாக்கு பொய்யில்லை. பினாங்குப் பாலம், புரோட்டோன் கார், இரட்டைக் கோபுரம் எல்லாம் கண்ணால் பார்க்கக்கூடியவை. 1995 தேர்தலில் ஆளும் கூட்டணியான தேசிய முன்னணி 192 இடங்களில் 162-ஐப் பிடித்தது. ஆனால் கட்டியதைக் காட்டிய நாளிதழ், அது எப்படிக் கட்டப்பட்டது என்பதைக் காட்டவில்லை.

லண்டன் சண்டையின் மறுபாதி இங்கேதான் இருக்கிறது. கிளந்தானின் பெர்காவ் அணைக்கு பிரிட்டன் தந்த 23.4 கோடி பவுண்டு உதவி, ஆயுத விற்பனையோடு முடிச்சுப் போடப்பட்டிருந்தது. 1994 நவம்பரில் லண்டன் உயர்நீதிமன்றம் அந்த உதவி சட்டவிரோதம் என்று தீர்ப்பளித்தது. அணை நம் நாட்டில், விசாரணை அவர்கள் நாட்டில். செப்டம்பரிலேயே தடையை விலக்கி, நாம் மானத்தோடு வியாபாரத்துக்குத் திரும்பியிருந்தோம்.

வெளியுறவு முழுக்க நாடகம் என்று சொல்லவில்லை. நிறவெறிக்கு எதிராகவும் போஸ்னியாவுக்காகவும் எழுந்த குரலுக்கு மதிப்பு உண்டு. 1982-இல் தொடங்கிய 'கிழக்கு நோக்கும்' கொள்கை ஜப்பானிய முதலீட்டையும் மாணவர் வாய்ப்புகளையும் கொண்டுவந்தது. ஆனால் அமெரிக்காவைத் திட்டிய அதே ஆண்டுகளில் அமெரிக்க ராணுவத்தோடு ஒத்துழைப்பும் அமைதியாக நடந்தது. 2002-இல் அன்றைய பாதுகாப்பு அமைச்சர் நஜிப், வாஷிங்டனில் அதை வெற்றிக்கதை என்று பாராட்டிப் பேசினார். திட்டு உள்ளூர் வாசகருக்கு, உறவு வெளிநாட்டுக் கணக்குக்கு.

1998 செப்டம்பரில் அன்வார் நீக்கப்பட்டபோது இந்த ஏற்பாடு முழுதாகத் தெரிந்தது. அவருக்கு நெருக்கமானவர்களாகக் கருதப்பட்ட 'உத்துசான்', 'பெரித்தா ஹரியான்' ஆசிரியர்கள் ஜூலையிலேயே விலகிவிட்டார்கள். நவம்பரில் ஏபெக் விருந்துக்குக் கோலாலம்பூர் வந்த அமெரிக்கத் துணை அதிபர் அல் கோர், ரிஃபோர்மாசி, அதாவது சீர்திருத்தம், கேட்டுத் தெருவில் நின்றவர்களைப் புகழ்ந்தார். அந்தப் புகழ்ச்சியால் லாபம் அரசுக்குத்தான். உள்ளூர்க் கோபத்தை அந்நியர் தூண்டுதல் என்று காட்ட, தானாக ஒரு சாட்சி கிடைத்தது.

விரிசல் வந்த வழி வேடிக்கையானது. மல்டிமீடியா பெருவழித் திட்டத்துக்கு வெளிநாட்டு முதலீடு வேண்டும். அதற்காக இணையத்தைத் தணிக்கை செய்வதில்லை என்று 1990-களில் அரசே வாக்குக் கொடுத்திருந்தது. அந்த வாக்கின் நிழலில் 1999 நவம்பரில் 'மலேசியாகினி' பிறந்தது, அச்சு உரிமம் இல்லாமலேயே. பதவி விட்டபின் 2006-இல், தன் விமர்சனத்தை நாளிதழ்கள் மறைக்கின்றன என்று மகாதீரே குறைபட்டுக்கொண்டார்.

ஆள் போனார், சட்டம் இருந்தது. 2007 நவம்பர் 25 இந்து உரிமைப் பேரணிக்குப் பின், மலேசியத் தமிழர் நிலை பற்றி டில்லிக்கு எழுதிய தமிழக முதல்வர் கருணாநிதியை இதில் தலையிட வேண்டாம் என்று மலேசிய அமைச்சர் ஒருவர் கடிந்துகொண்டார். டிசம்பரில் பேரணியின் ஐந்து தலைவர்கள் இசாவில் கமுந்திங் தடுப்பு முகாமுக்குப் போனார்கள். அவர்களில் ஒருவரான மனோகரனை, அவர் தடுப்புக் காவலில் இருந்தபோதே, 2008 மார்ச்சில் கிள்ளானின் கோத்தா ஆலம் ஷா வாக்காளர்கள் சட்டமன்ற உறுப்பினராக்கினார்கள். சொந்தக் குடும்பத்தில் நாளிதழ் இருந்தும் சாமிவேலு சுங்கை சிப்புட்டில் தோற்றார். அடுத்த மாதம், எதிர்க்கட்சிகளுக்குத் தாராளமாக இடம் கொடுத்திருந்த 'மக்கள் ஓசை'யின் உரிமத்தை உள்துறை புதுப்பிக்க மறுத்தது. பிறகுதான் இறங்கி வந்தது. 2012-இல் ஆண்டுப் புதுப்பிப்பை எடுத்துவிட்டார்கள். நாளிதழ் அச்சிட அமைச்சரின் அனுமதி அதன் பிறகும் வேண்டியிருந்தது.