சிவப்பைத் தொடாதேங்கோ

எங்களில கனபேரிட்ட ஒரு பழக்கம் இருக்கு. ஓடியோ இன்ரர்பேஸை லப்டொப்பில கொழுவின உடனே, மீற்றர் சிவப்பைத் தொடுமட்டும் கெய்னைத் திருகிறது. சத்தம் கூடினால் பதிவும் நல்லாயிருக்கும் எண்ட நினைப்பு. அது பிழை.

கசெற் காலத்தில் அதுக்கு ஒரு நியாயம் இருந்தது. குறைச்சுப் பதிஞ்சால் நாடாவின்ர இரைச்சல் மேல வந்திடும். இண்டைக்கு நாங்கள் 24 பிற்றில பதியிறம். கணக்குப்படி 144 டெசிபல் இடமிருக்கு. சராசரி மைனஸ் 18, உச்சம் மைனஸ் 10 போதும். குறைஞ்சதைப் பிறகு சொஃப்ற்வெயரில கூட்டலாம். ஆனால் 0ஐத் தாண்டினால் ஒலியலையின்ர தலை வெட்டுப்படும். பிறகு ஃபேடரை இறக்கிப் பிரயோசனமில்லை. வெட்டுப்பட்டது உள்ளுக்கு வரேக்கையே.

இணுவில், அளவெட்டித் தவிலை நினைச்சுப் பாருங்கோ. சோதிக்கேக்க ரெண்டு தட்டுத்தான் தட்டுவினம். தனியாவர்த்தனம் சூடுபிடிக்க மீற்றர் எகிறும். அதால, "அண்ணை, உச்சத்தில ஒருக்கா வாசியுங்கோ" எண்டு கேட்டு அளவு வையுங்கோ. பிறகு இன்னும் 6 டெசிபல் குறையுங்கோ.

தவில் மேதை தட்சிணாமூர்த்தி 1975இல் மறைந்தார். அவரை நேரில் கேளாத எங்களுக்கு மிஞ்சியிருப்பது ஒலிப்பதிவுகள்தான். இண்டைக்கு எங்கட ஊர்ப் பெரியவர் வாசிக்கிறதும் நாளைக்கு அப்பிடித்தான் மிஞ்சும். கெய்ன் குமிழைப் பிடிச்சிருக்கிற கைக்கு அந்தப் பொறுப்பு இருக்கு.