கதவைச் சாத்த யாரைக் கூப்பிடுவது?

சென்ற வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு எதிர் வீட்டு மாமி மூச்சிரைக்க ஓடி வந்தாள். கறிகாய் வாங்கப் போன இடத்தில் கைப்பேசியைத் தொலைத்துவிட்டாளாம்.

"போனால் போகிறது மாமி, வேறு வாங்கிக்கொள்ளலாம்" என்றேன்.

"ஃபோன் போகட்டுமடி! என் ஷேரெல்லாம் அதிலேதானே இருக்கு!"

ஷேர் கைப்பேசிக்குள் இல்லை, சகோதரிகளே. அது டெபாசிட்டரி என்ற காப்பகத்தில், மாமியின் டீமாட் கணக்கில் இருக்கிறது. கைப்பேசியில் இருப்பது வாசற்கதவு மட்டுந்தான். ஆனால் வாசல் திறந்து கிடப்பது மட்டும் லேசான விஷயமா? மாமா ரிடையர் ஆனபோது வந்த பணத்தில் வாங்கிய பங்குகள் அவை.

என் கைப்பேசியிலிருந்து புரோக்கர் கம்பெனியைக் கூப்பிட்டோம். ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்றது ஓர் இயந்திரக் குரல். பிறகு சங்கீதம். அரை மணி நேரம் கேட்டோம். கச்சேரியாக இருந்தால் தனி ஆவர்த்தனமே முடிந்திருக்கும். கடைசியில் வந்த பெண், "பதிவு செய்த எண்ணிலிருந்து கூப்பிடுங்கள்" என்றாள். "அதுதானே அம்மா தொலைந்து போச்சு!" என்று மாமி கத்தினாள்.

காக்க வைத்ததை நான் மன்னிக்கத் தயாரில்லை. ஆனால் அந்தப் பெண் மறுத்தது சரிதான். மாமியின் பெயரைச் சொல்லிக்கொண்டு ஒரு திருடியும் கூப்பிடலாமே!

இதற்கு வேறு வழி இருக்கிறது. பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி, 2024 ஜனவரியில் ஒரு சுற்றறிக்கை விட்டது. அதன்படி அவ்வாண்டு ஜூலை 1 முதல், நாம் கேட்டால் புரோக்கர் நம் ஆன்லைன் வியாபாரக் கணக்கைப் பூட்டியாக வேண்டும். பதிவு செய்த மின்னஞ்சலிலிருந்து, 'ஸ்டாப்டிரேடு' என்று தொடங்கும் புரோக்கரின் முகவரிக்கு எழுதினால் போதும். சந்தை நடக்கும் நேரமானால் 15 நிமிஷத்துக்குள் பூட்ட வேண்டும். நிறைவேறாமல் நிற்கும் ஆர்டர்களும் ரத்தாகிவிடும். ஆனால் மார்ஜினில் வாங்கி வைத்திருப்பவர்கள் ஜாக்கிரதை! ஈடு குறைந்தால் புரோக்கர் விற்பதை இந்தப் பூட்டு தடுக்காது. டீமாட் கணக்கும் இதனால் பூட்டப்படாது. அதற்குத் தனியே சொல்ல வேண்டும். புரோக்கர் அசைந்தே கொடுக்காவிட்டால் செபியின் 'ஸ்கோர்ஸ்' தளத்தில் புகார் செய்யலாம். 21 நாட்களுக்குள் தீர்வு சொல்லவேண்டும் என்பது விதி.

"உங்கள் மின்னஞ்சலைத் திறங்கள்" என்றேன்.

மாமி விழித்தாள். "அதெல்லாம் சீமாச்சுதானே ஏற்பாடு பண்ணிக் கொடுத்தான்!"

சீமாச்சு அவள் மருமான், புனேயில் வேலை. மின்னஞ்சல் மாமியின் பெயரில், பாஸ்வேர்டு அவன் தலைக்குள்! மாற்றலாமென்றால், அதற்கான ரகசிய எண் அந்தத் தொலைந்த கைப்பேசிக்குத்தான் வரும். நம் வீடுகளில் எத்தனை பேருடைய கணக்கு இப்படி இருக்கிறதோ!

நடுவில் சிம் கார்டை முடக்கச் சொன்னோம். அதுதான் முதல் காரியம். பதற்றத்தில் எனக்கே தோன்றவில்லை. சீமாச்சு மீட்டிங்கிலிருந்து வெளியே வர மத்தியானம் ஆயிற்று. அவன் மின்னஞ்சலைத் திறந்து எழுதிய பத்தாம் நிமிஷம் பூட்டியாயிற்று என்று பதில் வந்தது. நல்ல வேளை, ஒரு ஷேர்கூடக் குறையவில்லை.

சாயங்காலம் காய்கறிக்காரர் கைப்பேசியைக் கொண்டுவந்து கொடுத்தார். முருங்கைக்காய்க் கட்டின் அடியில் கிடந்ததாம்.

"கணக்கைத் திறக்கச் சொல்லட்டுமா மாமி? மறுபடி விசாரித்துவிட்டுத்தான் திறப்பார்கள்" என்றேன்.

"திறப்பது திங்கட்கிழமை இருக்கட்டும். முதலில் சீமாச்சுவைக் கூப்பிடு. அந்தப் பாஸ்வேர்டை மாற்றிக்கொள்கிறேன்" என்று மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டாள் மாமி.