மேகம் கண்டு மகிழுமுன்

 

குளிர்நாடுகளில் குடியேறிவிட்ட நம் உறவினர்களிடம் பேசிப் பாருங்கள். அங்கே ஐப்பசி பிறந்துவிட்டாலே சிலருக்கு ஒரு பித்துப் பிடித்துவிடுகிறதாம். இவ்வாண்டு குளிர் கடுமையாக இருக்குமா, பனி முழங்கால் அளவு கொட்டுமா என்று வரைபடங்களை விரித்து வைத்துக்கொண்டு நாள் குறிப்பார்களாம். இங்கிலாந்தில் டிசம்பர் 25ஆம் நாள் பனி விழுமா, விழாதா என்று பந்தயம் கட்டுவோரும் உண்டு. சூது நமக்கு விலக்கப்பட்டது என்பதால் அந்தப் பேச்சை அத்துடன் விடுவோம். ஆனால் அந்தப் பித்து இருக்கிறதே, அது நம் ஊரிலும் இருக்கிறது. அங்கே பனிக்கு, இங்கே மழைக்கு.

மறைமலை நகரில் குளிர்காலம் என்றால் என்ன? மார்கழியில் ஃபஜ்ரு தொழுகைக்குப் புறப்படும் பெரியவர்கள் காதைச் சுற்றி மஃப்ளர் கட்டிக்கொள்வார்கள், ஜி.எஸ்.டி. சாலையில் முதல் ஷிப்டுக்கு ஆள் ஏற்றிச் செல்லும் கம்பெனிப் பேருந்துகள் மூடுபனியில் விளக்கெரித்துக்கொண்டு ஊர்ந்து போகும். அவ்வளவுதான். நமக்கு உண்மையான குளிர்காலம் வானத்திலிருந்து நீராகத்தான் இறங்குகிறது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை தமிழகத்தில் சராசரியாகப் பெய்வது 44 செ.மீ. நம் மாநிலத்தின் ஓராண்டு மழையில் ஏறக்குறைய பாதி இம்மூன்று மாதங்களுக்குள் வந்துவிட வேண்டும். வராவிட்டால் என்ன நடக்கும் என்பதை 2019ஆம் ஆண்டுக் கோடையில் பார்த்தோம். சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகள் வறண்டு, ஜூலை மாதத்தில் ஜோலார்பேட்டையிலிருந்து இரயிலில் தண்ணீர் வந்தது.

ஆகவே, வங்கக் கடலில் ஒரு சுழி தெரிந்தால் மனம் துள்ளுவோரை நான் குறை சொல்ல மாட்டேன். இவர்களில் பெரும்பாலோர் இதைத் தொழிலாகக் கொண்டவர்கள் அல்லர். வேறு வேலை பார்த்துக்கொண்டே ஓய்வு நேரத்தில் செயற்கைக்கோள் படங்களையும் கடல்நீரின் வெப்பநிலையையும் ஆராய்பவர்கள். ‘தமிழ்நாடு வெதர்மேன்’ என்று அறியப்பட்ட பிரதீப் ஜான், 2015 பெருமழைக்குப் பின் வீட்டுக்கு வீடு பேசப்பட்ட பெயரானார். மன்னார்குடி ஆசிரியர் செல்வகுமாரின் குரலைக் கேட்டுவிட்டு உழவுக்குப் போகும் டெல்டா விவசாயிகள் உண்டு. அரசு வானிலை மையம் சுருக்கமாக, எச்சரிக்கையான நடையில் சொல்வதை, இவர்கள் ஊர்ப் பெயர் சொல்லி, மணிக்கணக்குச் சொல்லி எளிய மக்களுக்குப் புரிய வைக்கிறார்கள். அது நற்பணியே.

ஆனால் ஒன்றைக் கவனித்திருக்கிறீர்களா? இவர்களைப் பின்தொடரும் கூட்டம் பெரிது. அந்தக் கூட்டத்தில் கணிப்பதை விட விரும்புவதில் ஆர்வம் மிகுந்தவர்களே பலர். ஐரோப்பியக் கணினி மாதிரி ஒன்று சொல்லும். அமெரிக்க மாதிரி வேறொன்று சொல்லும். பத்து நாள் தள்ளி இரண்டும் காட்டுவது பெரும்பாலும் ஊகமே. இரண்டில் எது அதிக மழை காட்டுகிறதோ அதையே இவர்கள் நம்புவார்கள்! அடுத்த நாள் அது குறைத்துக் காட்டினால், ‘ஏமாற்றிவிட்டதே’ என்று ஏக்கப் பெருமூச்சு. ஆசை உள்ளே நுழைந்துவிட்டால் கணக்கு வளையும். மாப்பிள்ளை வீட்டாரைப் பற்றி விசாரிக்கப் போனவர், முன்பே மனத்துக்குள் சம்மதித்துவிட்டிருந்தால் எப்படி விசாரிப்பார்? அதுபோலத்தான்.

2024 அக்டோபரில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். சென்னைக்கும் சுற்றுப்புற மாவட்டங்களுக்கும் சிவப்பு எச்சரிக்கை. அதாவது ஒரே நாளில் 20 செ.மீ.க்கு மேல் பெய்யலாம் என்று பொருள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது கார்களை வெள்ளத்தில் இழந்த வேளச்சேரி மக்கள், இம்முறை மேம்பாலத்தின் மீது வரிசையாகக் கார்களைக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். முதல் நாள் நல்ல மழை. அடுத்த நாள், பெரிதாக எதிர்பார்த்த அக்டோபர் 16 அன்று, தாழ்வு மண்டலம் வடக்கே நகர்ந்துவிட்டது. மழை பிசுபிசுத்துப் போயிற்று. ஊரெங்கும் கேலி. கார் நிறுத்தியவர்களையும் சேர்த்துக் கேலி செய்தார்கள். நான் சொல்கிறேன்: அன்று அறிவுடன் நடந்துகொண்டவர்கள் அவர்களே. மழை வராததால் அவர்களுக்கு நேர்ந்த நஷ்டம் ஒன்றுமில்லை.

இதற்கு நேர்மாறானது காயல்பட்டினத்தில் நடந்தது. 2023 டிசம்பர் 17 காலை முதல் 18 காலை வரை, ஒரே நாளில் நம் மக்களின் அந்தப் பழம்பெரும் ஊரில் 95 செ.மீ. மழை கொட்டியது. தூத்துக்குடி மாவட்டத்தில் ஓராண்டு முழுவதும் சராசரியாகப் பெய்வதைக் காட்டிலும் அது அதிகம். அதி கனமழை என்று எச்சரிக்கை இருந்தது. ஆனால் இந்த அளவு எவர் கணக்கிலும் வரவில்லை.

“மழை எப்போது பொழியும் என்பது அல்லாஹ் ஒருவனுக்கே உரிய அறிவு என்று லுக்மான் அத்தியாயத்தின் இறுதி வசனம் கூறவில்லையா? பின் எதற்கு இந்தக் கணிப்பு?” என்று கேட்கும் பெரியவர்கள் நம் வீடுகளில் இருக்கிறார்கள். கேள்வி நியாயமானது. ஆனால் அதே குர்ஆன், மழைக்கு முன்னே நற்செய்தியாகக் காற்றுகள் அனுப்பப்படுவதையும், அவை மேகத்தைக் கிளப்பி, வானில் பரப்பி, துண்டு துண்டாக்கி, அதன் நடுவிலிருந்து துளிகள் புறப்படுவதையும் நம் கண்முன் நிறுத்துகிறது. அவன் வைத்த அடையாளங்களைப் பார்த்து ‘வரக்கூடும்’ என்பது மறைவானதை அறிந்ததாகச் சொல்வதாகாது. ‘நான் சொன்னேன், வந்தது’ என்று மார்தட்டுவது வேறு. ஹுதைபிய்யாவில் இரவு மழை பெய்து ஓய்ந்த காலையில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தோழர்களுக்கு உணர்த்தியது அதைத்தான். அல்லாஹ்வின் அருளால் பெய்தது என்றவர் ஈமானில் நின்றார்; இன்ன நட்சத்திரத்தால் பெய்தது என்றவர் இறைவனை மறுத்தவரானார். நட்சத்திரம் இருந்த இடத்தில் இன்று கணினி மாதிரி வந்து உட்கார்ந்துவிடாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

தவிர, பருவத்தைப் படிப்பது நம் முன்னோரின் கலை. உலகம் முழுவதும் ‘மான்சூன்’ என்கிறார்களே, அச்சொல்லே ‘மவ்ஸிம்’ என்னும் அரபுச் சொல்லிலிருந்து பிறந்தது. பதினைந்தாம் நூற்றாண்டில் வாழ்ந்த அரபு மாலுமி அஹ்மத் இப்னு மாஜித், எந்தத் துறையிலிருந்து எந்நாளில் பாய் விரிக்கலாம் என்று எழுதி வைத்தார். வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்று காற்றுக்குப் பெயர் தெரியாத மரைக்காயர் கப்பல் நடத்தியிருக்க முடியுமா? அவர்கள் காற்றைக் கணித்தது பெருமைக்காக அன்று. கப்பலில் இருக்கும் உயிர்களுக்காக.

இப்போது, சகோதரிகளே, மழையை விரும்புவது பற்றி வருகிறேன். அனஸ் (ரலி) அறிவிக்கும் ஒரு நிகழ்ச்சி புகாரியில் இருக்கிறது. ஒரு வெள்ளிக்கிழமை, நபி (ஸல்) அவர்கள் குத்பா ஓதிக்கொண்டிருக்கிறார்கள். ஒருவர் எழுந்து, கால்நடைகள் மடிகின்றன, மழைக்கு இறைஞ்சுங்கள் என்கிறார். வானத்தில் மேகத் துணுக்கு ஒன்றுகூட இல்லை. பெருமானார் (ஸல்) கையேந்துகிறார்கள். ஸல்உ மலைக்கு அப்பாலிருந்து கேடயம் போலச் சிறியதொரு மேகம் எழுந்து, பரந்து, பொழியத் தொடங்குகிறது. ஒரு வாரம் சூரியனைக் காணவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை மீண்டும் ஒருவர் எழுகிறார். சொத்துகள் அழிகின்றன, பாதைகள் துண்டிக்கப்பட்டன, நிறுத்தும்படி இறைஞ்சுங்கள் என்கிறார். அப்போதும் பெருமானார் (ஸல்) மழையே வேண்டாம் என்று கேட்கவில்லை. எங்களைச் சுற்றிலும் பெய்யட்டும், எங்கள் மீது வேண்டாம். குன்றுகளிலும் ஓடைகளிலும் மரங்களின் வேர்களிலும் பெய்யட்டும் என்று கேட்டார்கள்.

ஒரே ஊர். ஒரே வாரம். இரண்டு முறையீடுகள். இரண்டும் உண்மை.

மேகம் திரளும்போது நபி (ஸல்) அவர்களின் திருமுகத்தில் கவலை படர்வதைக் கண்டு அன்னை ஆயிஷா (ரலி) காரணம் கேட்டதுண்டு. எல்லோரும் மகிழ்கிறார்களே என்று அவர்கள் வியந்தபோது, ஆது கூட்டத்தாரும் திரண்டு வந்ததைப் பார்த்து மழை மேகம் என்றுதான் மகிழ்ந்தார்கள் என்பதை நாயகம் (ஸல்) நினைவூட்டினார்கள். உலகத்துக்கே அருட்கொடையாய் வந்தவர்களுக்கே அந்த நடுக்கம் இருந்தது. கைப்பேசியில் சிவப்பு வட்டம் பார்த்துவிட்டு, “வரட்டும், வரட்டும்” என்று கைதட்டும் நம் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் கொடுத்திருக்கிறோமா?

உதகையில் உறைபனி விழும்போது சுற்றுலா சென்றவர்கள் புல்வெளியில் வெண்மையைக் கண்டு குழந்தைகளாகிவிடுகிறார்கள். அதே இரவில் தேயிலைக் கொழுந்து கருகிவிடுமே என்று தோட்டக்காரர் உறங்காமல் கிடப்பார். நம் பகுதியிலும் அப்படித்தான். ஒரகடத்திலும் படப்பையிலும் மணிமங்கலத்திலும் கொட்டும் மழை அங்கேயே நின்றுவிடுவதில்லை. ஏரிக்கு ஏரி வழிந்து அடையாற்றில் இறங்கி, வரதராஜபுரத்தையும் முடிச்சூரையும் தொட்டுக்கொண்டு சைதாப்பேட்டைக்குப் போகிறது. ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்து ஏரிகளின் உபரிநீர் செம்பரம்பாக்கத்துக்குப் போகிறது. 2015 டிசம்பர் 2 காலை வரையிலான ஒரே நாளில் தாம்பரத்தில் 49 செ.மீ., செம்பரம்பாக்கத்தில் 47 செ.மீ. ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி திறந்துவிடப்பட்டதாக அரசுக் கணக்குச் சொல்கிறது. அதன் பின் ஆற்றங்கரைக் குடிசைகளுக்கு நேர்ந்ததை நான் விவரிக்க வேண்டியதில்லை. அந்த நாட்களில் சென்னையின் பள்ளிவாசல்கள் பல, யார் எவர் என்று கேளாமல் கதவு திறந்து சோறு போட்டன. நாம் பெருமைப்படத் தக்கது அது.

அந்த நாட்களில்தான் வேறொன்றும் நடந்தது. அமெரிக்காவின் நாசா இன்னும் பயங்கரமான மழையைக் கணித்திருக்கிறது என்று ஒரு செய்தி கைப்பேசிகளில் பறந்தது. முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பி வெள்ளத்தில் வந்துவிட்டன என்று இன்னொன்று. இரண்டும் பொய். அனுப்பியவர்களில் தொழுகையாளிகளும் இருந்திருப்பார்கள். செய்தி கொண்டுவருபவனைத் தீர விசாரியுங்கள், அறியாமல் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கு செய்துவிடாதீர்கள் என்ற இறைக்கட்டளை அல்-ஹுஜுராத் அத்தியாயத்தில் இருக்கிறது. வானிலைச் செய்திக்கு அதில் விலக்கு எதுவும் இல்லை. எந்த நாளில் வெளியான கணிப்பு, யார் சொன்னது என்று தெரியாத குரல் பதிவை அடுத்தவருக்குத் தள்ளிவிடாதீர்கள். சென்ற ஆண்டின் புயல் படம் இவ்வாண்டும் சுற்றிக்கொண்டிருக்கும்.

கணிப்பால் ஆகும் பயனை நபி யூசுஃப் (அலை) அவர்களின் வரலாறு காட்டுகிறது. ஏழாண்டு விளைச்சலும் ஏழாண்டுப் பஞ்சமும் வரப்போகின்றன என்று அறிந்ததும், கதிரோடு தானியத்தைச் சேமிக்கும் வழியைத்தான் அவர்கள் சொன்னார்கள். நம் அளவில் ஒரு கணக்கைப் பாருங்கள். ஒரு கிரவுண்டு மனையில் 1 செ.மீ. மழை பெய்தால் அது ஏறத்தாழ 2,230 லிட்டர் தண்ணீர். 20 செ.மீ. பெய்தால் 44,000 லிட்டருக்கு மேல். சுமார் நான்கு டேங்கர் லாரி! தமிழக அரசு 2003ஆம் ஆண்டிலேயே மழைநீர்ச் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது. நம் வீட்டுக் குழாயின் வாயில் இன்று என்ன இருக்கிறது? பெரும்பாலும் காய்ந்த சருகும் சிமெண்டுத் தூளும்தான்.

நம் பகுதிக்கென்று ஒரு கவலையும் உண்டு. பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை விட்டாலும், பல நேரம் ஷிப்டுக்கு விடுமுறை இருப்பதில்லை. இரவு வேலை முடித்து வரும் பெண்பிள்ளைகள் இருக்கிறார்கள். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து, தாழ்வான தெருவில் ஓர் அறைக்கு ஆறு பேராகத் தங்கும் இளைஞர்கள் இருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை நம் பின்வரிசையில் நின்று தொழுபவர்களும் அவர்களுள் உண்டு. தமிழில் வரும் எச்சரிக்கை அவர்களுக்குப் புரியாது. உங்கள் தெருவில் அப்படி ஓர் அறை இருந்தால், உருதுவோ இந்தியோ தெரிந்த பிள்ளையை ஒரு நடை அனுப்பி, எந்த இரவில் கவனமாக இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு வரச் செய்யுங்கள். மின்கம்பம் எங்கே சாய்ந்திருக்கிறது, எந்தக் கால்வாய்க்கு மூடி இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லட்டும்.

வீட்டில் செய்ய வேண்டியதைத் தாய்மார்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. குடும்ப அட்டை, ஆதார், பிள்ளைகளின் சான்றிதழ், நிக்காஹ் பதிவுச் சான்று ஆகியவற்றைப் பாலித்தீன் உறையிலிட்டு மேலடுக்கில் வையுங்கள். வாப்பாவின் சர்க்கரை மாத்திரை பத்து நாளைக்கு இருக்கிறதா என்று பாருங்கள். அடுத்த ஜும்ஆவுக்குப் போகும் ஆண்களிடம் ஒரு வேலை ஒப்படையுங்கள்: இரவு இரண்டு மணிக்குத் தண்ணீர் ஏறினால் பள்ளிவாசல் மாடியைத் திறக்கச் சாவி யாரிடம் இருக்கிறது, அவர் எந்தத் தெருவில் குடியிருக்கிறார் என்று முத்தவல்லியிடம் கேட்டு வரட்டும்.