நொய்யலுக்காக விழுந்த பூட்டு

2011 ஜனவரி 28 அன்று, திருப்பூரின் சாய, சலவைப் பட்டறைகளை மூடி, மின் இணைப்பையும் துண்டிக்கச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. பனியன் நகரம் கொதித்தது.

கோபப்பட அதில் என்ன இருக்கிறது? 2006 டிசம்பரிலேயே இதே நீதிமன்றம் கெடு விதித்திருந்தது: நொய்யல் ஆற்றில் கழிவுநீர் ஒரு சொட்டும் விடக் கூடாது, விட்டால் லிட்டருக்கு 6 பைசாவில் தொடங்கி அபராதம். 2009 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. வழக்காடியவர்கள் நொய்யல் ஆயக்கட்டு விவசாயிகள். பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் உப்பும் சாயமும் தேங்கி, அதில் தண்ணீரைத் தேக்கவே வேண்டாம் என்று சொல்லும் நிலைக்குத் தள்ளப்பட்டவர்கள். கொங்கு மண்ணில் ஒரு விவசாயி அப்படிச் சொல்கிறார் என்றால், கொடுமை எவ்வளவு முற்றியிருக்க வேண்டும்!

பட்டறை மூடியதும் கூலி இழந்தவர்கள் தொழிலாளர்கள். பிழை அவர்களுடையதல்ல, கெடு முடிந்தும் கைகட்டி நின்ற நிர்வாகத்தினுடையது.

இன்று கழிவுநீரைச் சுத்திகரித்து, அதையே மீண்டும் சாயத் தொட்டிக்கு அனுப்புகிறார்கள். மிஞ்சும் உப்புக் கழிவு இன்னமும் தலைவலிதான். குழாய்க்குக் குழாய் நீதிபதிகள் காவல் நிற்க முடியாது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தன் அளவீடுகளை ஆற்றோர ஊராட்சிகளின் பலகையில் மாதந்தோறும் ஒட்டட்டும்.