பட்டணத்துக்கு எல்லைக்கல் எங்கே?



சென்னைப் பெருநகரத் திட்டப் பகுதி நெடுங்காலமாக 1,189 சதுர கிலோமீட்டர். 2018-ல் அதை 8,878 ஆக்கப் போவதாகச் சொன்னார்கள். 2022 அக்டோபரில் 5,904 என்று அறிவித்துவிட்டார்கள். திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு, ராணிப்பேட்டை மாவட்டக் கிராமங்கள் பல இப்படித்தான் பட்டணத்து வரைபடத்துக்குள் போயின.

வரைபடத்துக்குள் போவதே கேடு என்று நாம் சொல்லவில்லை. திட்டம் இல்லாத இடத்தில்தானே கல் நட்டு, கலர்க் கொடி கட்டி, நஞ்சையை மனை போட்டு விற்றார்கள்! அங்கீகாரமில்லாத மனையைப் பதியக் கூடாது என்று 2016-ல் சென்னை உயர்நீதிமன்றம் தடை போட்டது. அப்புறம் என்ன ஆச்சு? 2016 அக்டோபர் 20-க்கு முன்னால் விற்றதைப் பணம் கட்டி வரன்முறைப்படுத்திக் கொள்ளலாம் என்று 2017-ல் விதி வந்தது. நஞ்சை போனது போனதுதான்.

"விவசாய மண்டலம்னு போட்டுட்டா உங்க நிலம் விலை போகாது" என்று புரோக்கர் வந்து பயம் காட்டுகிறான். நம்மவர்களே சிலர் தலையாட்டுகிறார்கள். கடன்பட்டு விற்பவரை நாம் குறை சொல்ல மாட்டோம். ஆனால் கணக்குப் பாருங்கள். தலைமடையில் ஒருத்தர் விற்கிறார். வாய்க்காலை மண்ணடித்து மேடாக்கி ரோடு போடுகிறார்கள். கடைமடையில் இருக்கிற நமக்குத் தண்ணீர் வராது, மழை பெய்தால் வடியாது. இரண்டு போகம் தரிசாகக் கிடந்த பிறகு அதே புரோக்கர் வருவான். அன்றைக்கு அவன் சொல்வதுதான் விலை. நாம் ஏக்கர் கணக்கில் கொடுப்போம், அவன் சதுர அடிக் கணக்கில் விற்பான்.

சட்டத்தில் வழி இல்லாமல் இல்லை. 1971-ம் வருஷத்து நகர் ஊரமைப்புச் சட்டப்படி நிலத்தை விவசாய உபயோகம் என்று வகைப்படுத்தலாம். சென்னையின் 2008 முழுமைத் திட்டத்திலேயே விவசாய மண்டலம் உண்டு. ஓட்டை எங்கே என்றால், சர்வே நம்பர் சர்வே நம்பராக மனு போட்டு வகையை மாற்றிக்கொள்ளலாம். அறிவிப்பு பேப்பரில் ஒரு மூலையில் வரும். களை எடுக்கிறவர் கண்ணில் அது படுமா? 2020-ல் காவிரி டெல்டாவுக்கு வந்த வேளாண் மண்டலச் சட்டத்தைப் பாருங்கள். எண்ணெய்க் கிணறும் தோல் தொழிற்சாலையும் தடைப் பட்டியலில் உண்டு, மனைப்பிரிவு இல்லை!

ஆகவே, சேர்த்த கிராமங்களுக்கு எந்தத் திட்டம் எழுதினாலும் ஏரி ஆயக்கட்டு நஞ்சை முழுவதும் சர்வே நம்பரோடு விவசாய மண்டலமாக ஏற வேண்டும். கிராம சபை ஒப்புதல் இல்லாமல் வகை மாற்றக் கூடாது. வரத்துக் கால்வாயை அளந்து கல் நட வேண்டும். நிலத்தை மாற்றாமல் வைத்திருக்கும் விவசாயிக்கு ஆண்டுதோறும் ஏக்கருக்கு ஊக்கத்தொகை தர வேண்டும். அது தராமல் நம்மை மட்டும் கட்டிப்போடுவதாக இருந்தால் அதையும் எதிர்ப்போம்.

ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2: எந்த கிராம சபை முதலில் வருகிறதோ அதற்கு சிட்டா, அடங்கலோடு வாருங்கள். தீர்மானப் புத்தகத்தில் இந்தக் கோரிக்கைகள் ஏறுகிறவரை யாரும் எழுந்து போக வேண்டாம்.