ஆறாத புண்: எதிர்ப்பு சக்தி இல்லாததுதான் காரணமா?

செருப்பு கடித்து காலில் ஒரு சின்னக் கொப்புளம். 'தானா ஆறிடும்' என்று கொஞ்ச நாள் விடுவது, பிறகு மருந்துக் கடையில் நாலு நாளைக்கு ஆன்டிபயாடிக் வாங்கிப் போடுவது, ஆறின மாதிரி தெரிந்ததும் மறுபடி நீர் வடிவது. சர்க்கரை நோயாளி உள்ள வீடுகளில் இது பழகிப்போன கதை. அடுத்து பார்க்க வருகிறவர் சொல்வார்: 'உடம்புல எதிர்ப்பு சக்தி இல்ல, அதான்.' உடனே சூரணம், டானிக், சத்து மாவு என்று செலவு நீளும்.

இந்த விளக்கம் பாதிதான் சரி. ரத்தத்தில் சர்க்கரை ஏறியிருந்தால் வெள்ளை அணுக்கள் மந்தமாகும் என்பது உண்மை. ஆனால், நாள்பட்ட புண்ணில் வெள்ளை அணுக்களுக்குப் பஞ்சமில்லை. கூட்டம் கூட்டமாக வந்து நிற்கின்றன. வந்தும் வேலை நடப்பதில்லை.

காரணம், பயோஃபிலிம் எனப்படும் உயிரிப்படலம். பாக்டீரியாக்கள் ஓரிடத்தில் ஒட்டிக்கொண்டு, தங்களைச் சுற்றிப் பசை போன்ற ஒன்றைச் சுரந்து, அதற்குள்ளேயே குடியிருக்கும். காலையில் எழுந்ததும் பல்லில் வழவழப்பாகத் தட்டுப்படுகிறதே, அதுவும் இதே சங்கதிதான். நெதர்லாந்தின் லேவன்ஹுக் 1684-லேயே இதைக் கவனித்தார். வினிகரால் பல்லைக் கழுவியபோது அழுக்கின் மேற்பரப்பில் இருந்த நுண்ணுயிர்கள் செத்தன. உள்ளே இருந்தவை தப்பின.

இந்தப் படலத்தின் முன் நம் உடம்பு தடுமாறும் விதம்தான் வேதனை. தனியாகத் திரியும் பாக்டீரியாவை நியூட்ரோஃபில் எனும் வெள்ளை அணு அப்படியே விழுங்கிவிடும். படலமாக இருந்தால் விழுங்க முடியாது, அவ்வளவு பெரிது. விழுங்க முடியாத அணு, தன்னிடம் உள்ள செரிமான நொதிகளை வெளியே கொட்டுகிறது. அது படலத்தைவிட, புண்ணில் புதிதாக வளரும் சதையைத்தான் அதிகம் அரிக்கிறது. சூடோமோனாஸ் போன்ற பாக்டீரியாக்கள் பதிலுக்கு ஒரு வேதிப்பொருளைச் சுரந்து நியூட்ரோஃபில்களைக் கொன்றுவிடும். செத்த அணுக்களின் டிஎன்ஏ, படலத்துக்கே கூடுதல் பூச்சாகிறது. தாக்க வந்தவனின் செங்கல்லை வைத்தே கோட்டை கட்டுகிற மாதிரி.

அமெரிக்காவில் 2008-ல் வெளியான ஓர் ஆய்வில், 50 நாள்பட்ட புண்களில் 30-ல் இந்தப் படலம் இருந்தது. 16 புதுப் புண்களில் ஒன்றில் மட்டுமே இருந்தது.

ஆக, படலத்தை உடைக்காமல் 'இம்யூனிட்டி பூஸ்டர்' தேடுவதில் அர்த்தமில்லை. ஆன்டிபயாடிக்கை மட்டும் மாற்றி மாற்றிப் போடுவதும் அப்படித்தான். படலத்தின் ஆழத்தில் பாக்டீரியாக்கள் பாதி உறக்கத்தில் கிடக்கின்றன. வளர்கிற கிருமியைக் கொல்லும் மருந்து அவற்றிடம் பெரிதாக எடுபடாது. தொற்றின் அறிகுறி இல்லாத கால் புண்ணுக்கு ஆன்டிபயாடிக் தர வேண்டாம் என்றுதான் 2023-ம் ஆண்டின் சர்வதேச வழிகாட்டுதலும் சொல்கிறது. சிவந்து, வீங்கி, காய்ச்சல் வந்தால் கதை வேறு. அப்போது மருந்து கட்டாயம், தாமதமும் கூடாது.

மற்றபடி பலன் தருவது பழைய வைத்தியம்தான். அழுகிய சதையையும் படலத்தையும் மருத்துவர் சுரண்டி எடுக்க வேண்டும். ஒருமுறை போதாது, ஓரிரு நாளிலேயே படலம் மறுபடி கட்டத் தொடங்கும். அந்த இடைவெளியில்தான் மருந்துக்கும் வெள்ளை அணுவுக்கும் வழி கிடைக்கிறது. புண்மீது உடல் எடை விழாமல் பார்க்க வேண்டும், சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்க வேண்டும், காலுக்கு ரத்தம் போகிறதா என்று சோதிக்க வேண்டும். காப்பித்தூளை அப்புவது இதில் எதற்கும் உதவாது.

இந்தியாவில் சுமார் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக ஐசிஎம்ஆர் ஆதரவு ஆய்வு 2023-ல் கணக்கிட்டது. மருந்துச் சீட்டு எழுத இரண்டு நிமிஷம் போதும். புண்ணைச் சுத்தம் செய்து கட்டுப்போட அரை மணி நேரமும் பழகிய கையும் வேண்டும். அந்தக் கைகளை ஆரம்ப சுகாதார நிலையம் வரை கொண்டுபோவதற்குத்தான் முதலில் பணம் ஒதுக்க வேண்டும். கால் மரத்துப்போனவருக்குப் புண் வலிக்காது. அவர் பெரிய ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏறுவதற்குள் விரல் கறுத்திருக்கும்.