பெயருக்கு முன் நம்பரா?

தோட்ட ஆபீஸ் கடிதங்களைக் கண்டோம். டான் ஸ்ரீக்கு 'யாங் பெர்பஹாகியா', துன்னுக்கு நடுவே ஓர் 'அமாட்' கூடுதல், நாடாளுமன்ற உறுப்பினருக்கு 'யாங் பெர்ஹோர்மாட்'. ஓரெழுத்தும் பிசகவில்லை. டான் ஸ்ரீயின் மனைவியார் புவான் ஸ்ரீ, துன்னின் மனைவியார் தோ புவான் என்பதும் கிராணியாருக்கு மனப்பாடம்.

முறையை நாம் பழிக்கவில்லை. தோட்டம் வாங்கக் கூட்டுறவுச் சங்கம் கண்ட வீ. தி. சம்பந்தன் 1967இல் துன் ஆனார். அப்பட்டத்தை விட்டு அவர் பெயரை நாம் எழுதுவோமா?

ஆனால் அதே மேசையிலிருந்து, இருபதாண்டு பால்மரம் சீவிய அம்மாளுக்கு எச்சரிக்கைக் கடிதம் போகிறது. அதில் 'புவான்' எங்கே? செக்ரோல் நம்பர், பிறகு மொட்டைப் பெயர்! கணவன் பட்டத்தால் ஒருத்திக்கு மரியாதை. கைக்கத்தியால் உழைத்தவளுக்கு நம்பரா?

'என்சிக்', 'புவான்' எழுத மாமன்னர் விருது வேண்டியதில்லை. கிராணியார்களே, அடுத்த கடிதத்திலேயே போடுங்கள். துரை அடித்தால் நகலை நமக்கு அனுப்புங்கள்.